எலி வளையானாலும் தனி வளை
(நியூயார்க்கின் பழைய விடுதி ஒன்றைப் பற்றிய பேச்சு)



ஹோட்டல் என்றால் நம் ஊரில் இட்லி, தோசை கிடைக்கும் கடை. நாம் இன்று பேசப் போவது அந்த ஹோட்டலைப் பற்றியல்ல. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், ஜனங்கள் அறை எடுத்துத் தங்குகிற விடுதி ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம்.

மில்லில் ஷிப்டு முடித்து வந்திருக்கும் தோழர்களும், வயலில் நடவு முடித்து வந்திருக்கும் தோழர்களும், "அந்த ஊர்க் கட்டடம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூலி வாங்கிப் பிழைப்பவனின் தலைசாய்க்கும் இடம் எப்படிப் பறிபோகிறது, எப்படித் திரும்பக் கிடைக்கிறது என்பதை அந்தக் கட்டடத்தின் சுவரும் தரையும் சொல்கின்றன. அதனால்தான் பேசுகிறோம்.

நியூயார்க்கில் சமையற்காரர், மூட்டை தூக்குபவர், நாடகக் கொட்டகைத் தொழிலாளி என்று குடும்பமில்லாமல் தனியாகப் பிழைத்தவர்கள் ஏராளம். அவர்கள் வாடகைக்கு எடுத்தது ஒற்றை அறை. கட்டிலும் நாற்காலியும் போட்டால் அறை நிறைந்துவிடும். குளியலறை பெரும்பாலும் பலருக்கும் பொது. வசதி குறைவுதான். ஆனால் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி அவன் இடுப்பில் இருந்தது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பாட்டி சொன்னாளே, அதுதான் விஷயம்.

இந்த அறைகளுக்கு என்ன நேர்ந்தது? 1955-ல் நகரச் சட்டம் புதிய ஒற்றை அறை விடுதிகள் கட்டுவதைத் தடுத்தது. எழுபதுகளில், பழைய விடுதிகளைப் பணக்காரர் குடியிருப்பாக மாற்றிய சொந்தக்காரனுக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. லாபம் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் கட்டடமும் சாய்ந்தது. மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன. பின்னால் விழித்துக்கொண்ட நகரசபை, இருக்கிற அறைகளையாவது இடிக்காதே, மாற்றாதே என்று சட்டம் போட்டது. 1989-ல் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், அது சொந்தக்காரனின் சொத்துரிமைக்கு விரோதம் என்று அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. சொத்துக்கு உரிமை உண்டு. அறை இழந்தவனுக்கோ நடைபாதைதான் மிச்சம்!

நடைபாதைக்கு வந்தவர்களில் ராபர்ட் காலஹன் ஒருவர். 1979-ல் அவர் பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். 1981-ல் நகர நிர்வாகம் பணிந்தது. வீடில்லாத ஆண்களுக்குப் படுக்கை தர வேண்டியது தன் கடமை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் கையெழுத்து விழுவதற்கு முன்பே காலஹன் தெருவில் செத்துப் போனார்.

நகரம் தந்த படுக்கைதான் என்ன? பட்டாளம் அணிவகுத்துப் பழகிய பெரிய கொட்டடிகளில் நூற்றுக்கணக்கில் கட்டில் போட்டார்கள். நடுவில் சுவர் இல்லை, கதவு இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருமுகிறவன் யாரென்று தெரியாது. காலணி களவு போகாமல் இருக்க அதைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கலாம், வாழ முடியாது. குடும்பங்களையோ தேய்ந்துபோன ஹோட்டல்களில் அறைக்கு ஒரு குடும்பமாக அடைத்தார்கள். அதற்காகப் பொதுப் பணம் அந்த ஹோட்டல் முதலாளிகளின் பைக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

இப்போது நம் கட்டடத்துக்கு வருவோம். 43-வது தெருவும் எட்டாவது அவென்யூவும் சந்திக்கும் மூலையில், 1922-ல் எழுந்தது அது. பதினைந்து மாடி. முதலில் கிளாமன் ஹோட்டல் என்று பெயர். பிறகு டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டல் ஆயிற்று. உள்ளே நுழைந்தால் உயரமான முன்கூடம், சுற்றி இடைமாடி, பளிங்குப் படிக்கட்டு, மொசைக் தரை, சரவிளக்கு. மேலே வரிசை வரிசையாகச் சின்ன அறைகள். 1980-களின் கடைசியில் அது சீரழிந்து கிடந்தது. கட்டட விதிகளை மீறிய குறைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். போக்கிடம் இல்லாத வயோதிகர்களும் நோயாளிகளும் அதற்குள் ஒண்டிக் கிடந்தார்கள்.

ரோசன் ஹாகர்ட்டி என்ற பெண்மணி 1990-ல் காமன் கிரவுண்டு என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, அந்தக் கட்டடத்தைக் கையில் எடுத்தார். இடிக்கவில்லை, உள்ளே இருந்தவர்களைத் தெருவுக்குத் துரத்தவும் இல்லை. 652 வீடுகளாக அதைத் திருத்தினார்கள். சுமார் பாதி, வீடில்லாமல் கிடந்தவர்களுக்கு. மறுபாதி, குறைந்த கூலி வாங்கும் உழைப்பாளிகளுக்கு. வாடகை வருமானத்தில் நூற்றுக்கு முப்பது. குடியிருப்பவர் கையில் முறையான வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. மருத்துவம், வேலை, மனநோய் என்று எந்தக் கஷ்டம் வந்தாலும் உதவுகிற பணியாளர்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். வாசலில் இரவும் பகலும் ஆள் உண்டு. வீடும் துணையும் ஒரே கூரையின் கீழ். இந்த ஏற்பாட்டின் சாரம் இதுதான்.

ஹோட்டலாகக் கட்டிய கட்டடம் இதற்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்று யோசித்துப் பாருங்கள். ஹோட்டலில் அறை சிறியது, கூடம் பெரியது. பூட்டிக்கொண்டு தனியாக இருக்கவும் முடியும். இறங்கி வந்து நாலு பேரோடு உட்காரவும் முடியும். எல்லாரும் ஒரே வாசலில் வந்து போவதால், நேற்றிலிருந்து ஒருவர் கீழே வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். தெருவில் தனித்துப் போனவனுக்கு மருந்தைவிட இது பெரிது.

"ஏழைக்கு எதற்குச் சரவிளக்கும் பளிங்கும்?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. அந்தப் பளிங்கைத் தேய்த்தவன் யார்? மொசைக் போட்டவன் யார்? ஒரு தொழிலாளிதானே! அவன் இழைத்த தரையில் அவனைப் போன்ற ஒருவன் குடிவாசியாக நடந்தால் தரை தேய்ந்துவிடாது. முன்கூடத்தை முன்பிருந்த அழகோடு மீட்டதால்தான் அங்கே வருகிறவன் தர்மச் சத்திரத்துக்குள் நுழைவதாக நினைப்பதில்லை. தன் வீட்டுக்குப் போகிறான்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? நகரம் கடன் கொடுத்தது. மற்றொரு பெரும் பங்கு வரிச்சலுகை வழியாக வந்தது. பழம்பெரும் கட்டடத்தை அதன் தன்மை கெடாமல் புதுப்பித்தால், செலவில் நூற்றுக்கு இருபது வரியில் கழியும். ஏழைகளுக்கு வீடு அமைத்தால் இன்னொரு கழிவு. கம்பெனிகள் அதற்காக முதல் போட்டன. தர்ம சிந்தனையால் போட்டதாக யாரும் மயங்க வேண்டாம். கஜானாவுக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டடத்துக்குப் போயிற்று. அது ஜனங்களின் பணம். அறைகளை அழித்ததும் வரிச்சலுகை, மீட்டதும் வரிச்சலுகை! ஆகவே வீடில்லாமை தலைவிதியல்ல. சட்டத்தை யார் பக்கம் எழுதுகிறார்கள் என்பதே கேள்வி.

இது ஒரு தடவை நடந்த அதிசயமும் அல்ல. அதே ஸ்தாபனம் 1904-ல் கட்டிய பிரின்ஸ் ஜார்ஜ் ஹோட்டலையும் 1999-ல் 416 வீடுகளாகத் திறந்தது. முன்பு குடும்பங்களை அடைத்து வைத்திருந்த ஹோட்டல்களில் அதுவும் ஒன்று. சுவர் அதே சுவர்தான். உள்ளே வாழ்வு மாறிவிட்டது.

இத்தோடு எல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2023-ல் நியூயார்க்கின் காப்பகங்களில் இரவைக் கழித்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அழிந்த அறைகள் ஒரு லட்சத்துக்கு மேல். மீண்டவை இங்கே 652, அங்கே 416. கணக்கு நேராகவில்லை, தோழர்களே. ஆனால் இந்த இரண்டு கட்டடங்களும் ஒன்றை நிரூபித்துவிட்டன. வீடற்றவனுக்குக் கட்டில் மட்டும் கொடுத்தால் போதாது. அவன் கையில் ஒரு சாவி கொடுக்க வேண்டும், அவன் நிமிர்ந்து நுழைய ஒரு வாசலும் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாது என்று இனி எவனும் சொல்ல முடியாது. கொடுத்துக் காட்டியாயிற்று!