அருகிலிருக்கும் மலை



விடுமுறை வந்துவிட்டால் உதகைக்குப் போகலாமா, கொடைக்கானலுக்குப் போகலாமா என்று வீடுதோறும் பேச்சு எழுகின்றது. தொலைவில் உள்ளதைக் காணும் ஆசை நல்லதே. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், ஒரு காலைப்பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய இடங்களை நாம் பார்த்திருக்கின்றோமா? இக்கேள்வியை முதலில் என்னையே கேட்டு நாணியவன் நான்.

மதுரையில் பல ஆண்டுகள் வாழ்ந்தும், நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையைத் தொலைவிலிருந்தே கண்டிருந்தேன். வெளியூர் நண்பர் ஒருவர், "அம்மலையில் என்ன இருக்கின்றது?" என்று வினவியபோது என்னால் விடை கூற இயலவில்லை. மறுநாள் வைகறையில் இருவரும் புறப்பட்டோம்.

அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடம் வருகின்றது. அங்கே தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. அறம் செய்த அவர்கள் தம் பெயரைச் சிறிய எழுத்தில் பொறித்தார்கள். அந்த மலையின் வேறோரிடத்தில், ஒன்றும் செய்யாத நம் காலத்தவர் சிலர் தம் பெயரைப் பெரிய எழுத்தில் தீட்டியிருந்தனர். அதைக் கண்டு என் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது.

இறங்கி வரும்போது என் இளமைக்கால விளையாட்டுத் திடல் நினைவுக்கு வந்தது. ஊர் எல்லையில் ஒரு பொட்டல், ஒரு வேப்பமரம். மாலைதோறும் அங்கே சடுகுடு ஆடினோம். நாங்கள் வளர்ந்து வெளியூர் சென்றோம்; பின்வந்த பிள்ளைகள் அங்கே ஆடுவதும் குறைந்தது. ஓர் ஓரத்தில் குப்பை விழுந்தது. பிறகு வேலி வந்தது. பிறகு கட்டடம் எழுந்தது. ஏனென்று கேட்பாரில்லை. நடமாட்டம் அற்ற இடம் கேட்பாரற்ற இடமாகிவிடுகின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

இதற்கு மாறான காட்சியையும் அண்மையில் கண்டோம். மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியில் குன்றுகளும், சுனைகளும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும், தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. லகுடு வல்லூறு போன்ற அரிய பறவைகளும் அங்கு வாழ்கின்றன. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென ஏலம் விடப்பட்ட நிலப்பரப்பில் இப்பகுதியும் அடங்கியது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது. ஆடு மேய்த்தும், நீர் எடுத்தும், வழிபட்டும் நாள்தோறும் அக்குன்றுகளில் நடந்த மக்கள் அவர்கள். எதை இழக்கப்போகின்றோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால் பேசினார்கள்.

ஆகவே, உங்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். வரும் ஞாயிறன்று இரண்டு மூன்று தோழர்களோடு, வீட்டாரிடம் சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். குன்று இல்லாத ஊரானால் கண்மாய்க்கரை போதும். அதுவும் இல்லையானால் தெருக்கோடியிலுள்ள விளையாட்டுத் திடல் போதும். குடிநீரும் ஒரு குறிப்பேடும் உடன் இருக்கட்டும். அத்திடல் எத்தனை அடி நீளம், என்னென்ன மரங்கள் நிற்கின்றன, மழைநீர் எப்பக்கம் ஓடுகின்றது, அங்கே பெண்பிள்ளைகளும் ஆடுகின்றார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்படும் முதியவரிடம் அந்த இடத்தின் பழம்பெயரைக் கேளுங்கள். ஒரு படம் வரையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அப்படத்தோடு மீண்டும் சென்று, எது குறைந்திருக்கின்றது என்று பாருங்கள்.

குறைந்திருந்தால் கேட்பதற்கு ஒருவர் இருப்பார். அவர் நீங்களாக இருப்பீர்கள்.