தொலைபேசியில் கதை, முட்டைப் பெட்டியில் கணக்கு

ரொறன்ரோ பொது நூலகத்தின் ‘டயல்-ஏ-ஸ்டோரி’ எண்ணை அழைத்தால், குழந்தையின் காதில் ஒரு கதை விழும். கட்டணம் இல்லை, திரையும் வேண்டாம். அங்குள்ள பல மொழிகளில் தமிழும் உண்டு. கேட்ட கதையைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்போதுதான் மொழி நாவில் ஊறுகிறது.

கணக்குக்குப் பல்லாங்குழி. பலகை இல்லாத வீட்டில், 12 குழியுள்ள முட்டை அட்டைப்பெட்டியோடு இரண்டு சிறு கிண்ணங்களை வைத்தால் 14 குழி தயார். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட வேண்டும். 4 சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். எதை அள்ளினால் கை எங்கே முடியும் என்று பிள்ளை விரல்விட்டு எண்ணுவது அருமையான காட்சி. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கொட்டை எட்டக்கூடாது.