கசியும் எண்ணெயைக் கையால் தொடாதீர்கள்



பெரிய புல்வெட்டி இயந்திரத்தில் அமர்ந்து ஓட்டுவோர், கத்திகள் பொருத்திய தட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரு நெம்புகோலை அசைக்கின்றனர். அவ்வேலையைச் செய்வது ஹைட்ராலிக் எண்ணெய். காரின் சக்கரத்தில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இராத்தல். இவ்வெண்ணெய்க் குழாயிலோ 2,000 இராத்தலையும் எட்டக்கூடும்.

குழாய் இரும்பில் உராய்ந்து தேயுமிடத்தில் ஊசிமுனையளவு துவாரம் விழும். அதிலிருந்து பீறிடும் தாரை கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். ஆகவே, கசிவைக் கையால் தடவித் தேடும் வழக்கத்தை விட்டொழியுங்கள். கண்ணாடி அணிந்து, நீண்ட அட்டையொன்றைக் குழாயருகே நீட்டுங்கள். எண்ணெய்க் கறை இடத்தைக் காட்டிவிடும்.

எண்ணெய் புகுந்த விரலில் முதலில் சிறு புள்ளியே தெரியும். வலியும் அதிகமிராது. தைலம் தடவி மறுநாள்வரை பொறுத்திருந்தால் விரலையே இழக்க நேரிடலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அழுத்தத்துடன் எண்ணெய் உள்ளே புகுந்ததென்று மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

குழாயைக் கழற்றுமுன் தட்டைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். பின்னர் நெம்புகோலை இருபுறமும் அசைத்து, எஞ்சிய அழுத்தத்தைப் போக்குங்கள்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். (பால்மரம் வெட்டும் உங்களுக்கு அந்நிறத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை!) அதனை முழுவதும் மாற்றவேண்டும்.

தேய்ந்த குழாயில் துணி சுற்றி ஓட்டுவது சிக்கனமன்று. மண்டோரிடம் காட்டிப் புதியது கேளுங்கள். அது வந்து சேரும்வரை புல் வளரட்டும்.