ஆகுபெயரும் ஆங்கில அணியும்



கும்பகோணத்தில் 1854-இல் தோன்றிய கல்லூரியைத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ எனப் புகழ்வது வழக்கம். கேம்பிரிட்ஜ் என்பது இங்கே ஊரன்று. அதனையொத்த கல்விச் சிறப்புடைய நிலையம். ஒப்புமை பற்றிப் பெயர் ஆகி வந்தமையால் இதனை உவமையாகுபெயர் எனத் தமிழ் கற்றார் எளிதில் உணர்வர்.

சிமிலி, மெட்டஃபர் என ஆங்கிலேயர் கூறுவன நம் உவமையும் உருவகமுமாம். மெட்டானிமி, சினெக்டகி என்பனவே பலரை மயக்குவன. இவற்றை அவர்கள் அணிகளோடு எண்ணினர். தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளுள் இவை தனியணியாக இல்லை. நன்னூலார் ஆகுபெயர் எனச் சொல்லதிகாரத்தில் வைத்தார். வைத்த இடம் வேறு, பொருள் ஒன்றே. ஆங்கிலேயர் வேலையாட்களைக் ‘கைகள்’ என்பர். நடவுக்கூலி பேசும் உழவர் ‘தலைக்கு இவ்வளவு’ என்பர். இரண்டும் சினையாகுபெயரே.

ஆயின், தொடர்பு ஒன்றாயினும் பொருள் மண்ணுக்கு மண் மாறும். ஆங்கிலத்தில் ‘பிரெட்’ என்பது பிழைப்பையும் குறிக்கும். ‘தன் ரொட்டியை ஈட்டினான்’ என எழுதினால் நெல் விளையும் நாட்டில் நகையே விளையும். இங்கே அவ்விடத்தில் நிற்பது சோறு. தமிழ் விவிலியம் இந்நுட்பம் உணர்ந்தது. அன்றாட உணவை வேண்டும் செபத்தில் ‘ஆகாரம்’ என்றது. அப்பமே குறியீடாக நிற்குமிடத்தில் ‘ஜீவ அப்பம்’ என்றது. ஒரே சொல்லுக்கு இருவகைப் பெயர்ப்பு, இரண்டும் பொருந்தின.

முதற்பேச்சின் தயக்கத்தை நீக்குவதை ஆங்கிலேயர் ‘பனிக்கட்டியை உடைத்தல்’ என்பர். நீர் உறையும் நாட்டார்க்கு அது கண்கூடு. மேட்டூரில் நீர் திறக்கும் நாளை எண்ணியிருக்கும் காவிரிப் படுகையார்க்கோ தடைப்பட்ட நீர் என்றால் மடையே நினைவுக்கு வரும். தயக்கம் நீங்கிப் பேசுவோனை ‘மடை திறந்தாற்போல்’ பேசினான் என்பது அதனாலன்றோ?

கதிர் வெளிப்படுமுன் இலையுறைக்குள் புடைத்து நிற்கும் பருவத்தை ஆங்கில வேளாண் நூல்கள் ‘பூட்’ என்னும் காலணியின் பெயரால் வழங்கும். நம் உழவர் ‘தொண்டைக்கதிர்’ என்பர். பின்னர் மணிக்குள் வெண்சாறு ஊறுங்கால் இரு மொழியினரும் ‘பால்’ என்றே சொல்வர். முன்னதில் பிரிந்த கண்கள் பின்னதில் கூடுகின்றன.

ஆங்கில அணியைக் கற்கும் பாவலன் வினவ வேண்டுவன இரண்டு: எத்தொடர்பால் பெயர் ஆகி வந்தது? அத்தொடர்புக்கு நம் மண்ணில் நிற்கும் பொருள் யாது? முதல் வினாவோடு நின்றவன் சொல்லைப் பெயர்ப்பான். இரண்டையும் வினவியவன் கவிதையைப் பெயர்ப்பான். அவ்வினாவுக்கு விடை தேட ஏடுகளோடு வரப்புகளும் உதவும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தார் அவ்வரப்புகளில் நடந்து பழகியவர்களே.