‘இங்க பறையெல்லாம் கிடைக்காதுங்க’

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘அரசியலமைப்பும் அன்றாட வாழ்வும்’. தலைப்பு பெரிசு. நான் ஒரு கடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் அக்கா மகளுக்கு 13 வயது. வியாசர்பாடியில் மாலை வகுப்பில் மூன்று வருடமாகப் பறை அடிக்கிறாள். அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்க வரும் தோழர் ஒருவர், “இவ கை நல்ல கை, மிருதங்கமும் கத்துக்கட்டும்” என்றார். அக்கா சீட்டு எடுத்த பணத்தைக் கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினாள்.

சென்னையில் பேர்போன இசைக்கருவிக் கடை. பேர் வேண்டாம். எங்களுக்கு முன்னால் ஒரு அப்பாவும் பையனும் நின்றார்கள். பையன் ஒவ்வொரு மிருதங்கமாகத் தட்டிப் பார்க்கிறான். கடைக்காரர், “நல்லாத் தட்டிப் பாருப்பா, நாதம் பிடிச்சாத்தான் எடுக்கணும்” என்று பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நல்ல கடைக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது.

“எங்கேருந்து வர்றீங்க?”

“வியாசர்பாடி.”

“இங்க பறையெல்லாம் கிடைக்காதுங்க.”

நாங்கள் என்ன வேண்டும் என்றே இன்னும் சொல்லவில்லை, தோழர்களே. மிருதங்கம் பார்க்க வந்தோம் என்றேன். யாரிடம் கற்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். எத்தனை கட்டை என்றார். “அஞ்சு கட்டை” என்று அவளே சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் அருகில் இருந்த மிருதங்கத்தின் வலந்தலையில் விரலால் ஒரு தட்டு தட்டினாள். ஒரே தட்டு.

“தொடாதே! கரணை உதிர்ந்துடும்.”

அந்தப் பையன் கால்மணி நேரம் தட்டியபோது உதிராத கரணை. பிறகு மேசைமேல் கிடந்த துணியை எடுத்து, அவள் தொட்ட இடத்தைத் துடைத்தார். “வாங்கறதுன்னா முழுப் பணத்தையும் கட்டிட்டு ஆர்டர் கொடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேடையில் இவ்வளவு பேசுகிற நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்தில் அவளும் பேசவில்லை. இறங்கும்போது, “எனக்குப் பறையே போதும் மாமா” என்றாள். அந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பறை அவளுக்குப் பிடித்தது. ஆனால் ‘போதும்’ என்று அவளைச் சொல்லவைத்தது யார்?

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “அந்தாளு எல்லார்கிட்டயும் சிடுசிடுன்னுதான் இருப்பாரு. கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போ” என்றார். நகரத்துச் சாதி இப்படித்தான் தப்பிக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அது வீடியோவாக வெளிவந்தது, அவர் கைதானார், கடைக்கு சீல் வைத்தார்கள். இங்கே என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு துணி. துணியை வைத்து என்ன நிரூபிப்பது? ஒருவேளை நாமே அதிகமாக நினைக்கிறோமோ என்று இரண்டு நாள் என்னை நானே விசாரித்துக்கொண்டிருந்தேன். அவமானப்பட்டவனே தன்மேல் விசாரணைக் கமிஷன் போடுகிற கொடுமை உங்களில் பலருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சட்டத்தை எடுத்தேன். 15(2) நமக்கு மனப்பாடம். கடைக்குள் நுழைய எவரையும் சாதியால் தடுக்கக் கூடாது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் போடப்பட்டிருக்கிறது, காசுக்குச் சேவை தர முன்வரும் எல்லா இடமும் அதில் அடங்கும் என்று அண்ணல் விளக்கினார். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. மற்றவர்களுக்கு எந்த நிபந்தனையில் விற்கிறாயோ, அதே நிபந்தனையில் விற்க வேண்டும். பையனுக்குத் தட்டிப் பார்க்கலாம், இவளுக்கு முழுப் பணம் என்பது வெறும் சிடுசிடுப்பு அல்ல. அதைவிட 12ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டவேண்டியது எதிர்த்தரப்பு. நான் சுமந்துகொண்டிருந்த விசாரணை என்னுடையதே இல்லை!

இன்னொன்று. அந்த மிருதங்கம் என்ன? பலாக்கட்டை, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக்கட்டும் எருமைத்தோல் வார். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தவர்களில் பெரும்பகுதி தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. பிறகு இதழியல் கல்லூரியில் நடந்தது. தோலைப் பதப்படுத்திய கையைத் துடைக்க முடியாது, தொட்ட விரலைத்தான் துடைக்க முடியும் போல.

இரண்டு வாரம் கழித்து, இரண்டு பெண் தோழர்களோடு நாங்கள் மறுபடி போனோம். வரமாட்டேன் என்றவளை அக்காதான் கிளப்பினாள். அவர் அதே முகம். “யாருக்கு விக்கறதுன்னு என் இஷ்டம்” என்றார். “இல்லீங்க, அது உங்க இஷ்டம் இல்ல” என்று 6ஆம் பிரிவைச் சொன்னேன். குரல் நடுங்கியது, பரவாயில்லை. தோழர் ஒருவர் செல்பேசியைக் கையில் எடுத்தார். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பின்கட்டிலிருந்து கல்லும் கட்டையுமாக ஒரு பெரியவர் வந்தார். விளிம்பைத் தட்டித்தட்டி சுருதி சேர்த்தார். அவள் பக்கம் நகர்த்தி, “இப்ப தட்டும்மா” என்றார். அவள் அரைமணி நேரம் தட்டினாள். ஒருவரும் துணியை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

“இந்தாளுக்கா நம்ம காசு?” என்று தோழர் என் காதில் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது அவள்தான்: “இதை இவரா செஞ்சாரு?”

ரசீதோடு வாங்கினோம். வெளியே வந்து ஆட்டோவில் ஏற்றும்போது அந்தப் பெரியவர் வந்து, “மூட்டு மாத்தணும்னா நேரா என் வீட்டுக்கு வாங்க, பாதிக் காசுதான் ஆகும்” என்று எண்ணைக் கொடுத்தார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவில்லை. படிக்கிற பிள்ளையை அலையவிட வேண்டாம் என்று அக்கா சொன்னாள், நானும் ஒத்துக்கொண்டேன். அது சரியா என்று எனக்கே இன்னும் தீரவில்லை. முன்வரிசையில் இரண்டு தோழர்கள் அப்போதே தலையை ஆட்டிவிட்டார்கள், பார்த்தேன். கேள்வி நேரத்தில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.