சினிமாவில் நம்ம தாராவி

(தாராவி கற்போர் வட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)

வாசலில் நிற்கிற அண்ணன்மார்களே, உள்ளே இடம் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.

இன்று பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். சினிமா பேசலாம்.

நான் சினிமா தெரிந்த ஆள் இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள். உங்களைப் போலவே கதைக்காகவும் பாட்டுக்காகவும் படம் பார்க்கிறவள். கேமரா எப்படி, எடிட்டிங் எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தாராவி எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். படத்தில் தாராவியைக் காட்டினால், அது சரியா தப்பா என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சரிதானே?

சினிமா நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. மாட்டுங்காவில் கிங் சர்க்கிள் பக்கம் அரோரா தியேட்டர். ஒரு காலத்தில் தமிழ்ப் படம் என்றால் அங்கேதான் ஓடுவோம். 2016ல் கபாலி வந்தபோது விடிகாலையிலேயே அங்கே கூட்டம். செம்பூரில் ராஜ்கபூர் 1948ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது. 2017ல் அங்கே தீப்பிடித்தது. அதன்பின் அந்த நிலத்தை விற்றுவிட்டார்கள். அடுக்குமாடி வீடு கட்ட ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. மும்பையில் நிலத்துக்கு இருக்கிற மதிப்பு சினிமாவுக்குக்கூட இல்லை. இந்த நிலத்தின் பேச்சு பின்னாலும் வரும். மறந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் தாராவி என்றதும் முதலில் சொல்வது நாயகன் படத்தை. 1987ல் வந்தது. மணிரத்னம் இயக்கினார். கமலஹாசன் வேலு நாயக்கராக நடித்து தேசிய விருது வாங்கினார். வரதராஜ முதலியாரை மனதில் வைத்து எடுத்த கதை என்பார்கள். முதலியார் வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி வாழ்க்கையைத் தொடங்கியவர். 1988ல் இறந்தார். அவரை நேரில் பார்த்த பெரியவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் வருகிற சந்துகளில் பெரும்பகுதி நம் சந்து இல்லை. சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட். தோட்டா தரணி போட்டார். அதற்கும் தேசிய விருது கிடைத்தது. டி.வி.யில் பார்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் செட் என்று நம்பவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

நல்ல படம்தான். ஆனால் அதில் ஒரு பெண் வருவாளே, நீலா? சரண்யா நடித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவளைக் கொண்டுபோய் விபச்சார விடுதியில் தள்ளிவிட்டார்கள். வேலு அங்கே போகிறான். அவள் அவனிடம் என்ன கேட்கிறாள்? விடிந்தால் கணக்குப் பரீட்சை, என்னைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று கேட்கிறாள். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சை அடைத்துவிட்டது. இந்தப் படத்தில் எத்தனையோ சண்டை, எத்தனையோ கொலை. எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கணக்குப் பரீட்சைதான். வேலு அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பிள்ளைகள் பிறக்கின்றன. பிறகு எதிரிகள் அவளைச் சுட்டுக் கொல்கிறார்கள். அவள் படிப்பு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கதை தாதா பின்னாலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த படங்களைப் பாருங்கள். 2013ல் தலைவா. மும்பைத் தமிழர்களுக்கு ஒரு தாதா. 2014ல் அஞ்சான். மறுபடியும் மும்பை, மறுபடியும் தாதா. 2020ல் தர்பார். இதில் ரஜினி மும்பை போலீஸ் கமிஷனர். ஆக, தமிழன் மும்பைக்கு ரயில் ஏறினால் சினிமாவில் அவனுக்கு இரண்டே வேலை. ஒன்று, தாதா. இல்லாவிட்டால் தாதாவைச் சுடுகிற போலீஸ்.

2022ல் வெந்து தணிந்தது காடு வந்தது. கௌதம் மேனன் படம். சிம்பு நடித்தார். இதன் முன்பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கருவேலங்காட்டில் வேலை. காடு தீப்பிடிக்கிறது. பிழைக்க வழியில்லாமல் மும்பைக்கு வருகிறான். ராதிகா அவன் அம்மா. புரோட்டாக் கடையில் வேலை. கடைப் பையன்கள் ஒரே இடத்தில் அடைந்து படுக்கிறார்கள். அட, நம் ஆட்கள் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் புரோட்டா போட்ட கையில் துப்பாக்கி வந்துவிட்டது. புரோட்டாக் கடையே ரவுடிக் கும்பலின் இடமாம். போச்சு.

நான் கேட்கிறேன். நம் தெருவில் எத்தனை பேர் துப்பாக்கி வைத்திருக்கிறோம்? விடியும் முன்னே எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் கட்டி, மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்கிற அண்ணன்மார் இங்கேதான் இருக்கிறார்கள். தோல் பை தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நூறு வருஷத்துக்கு முன்பே தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கும்பார்வாடாவில் குஜராத்துக் குயவர்கள் பானை சுடுகிறார்கள். பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், அப்பளம் இடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் கதாநாயகன் ஆக முடியாதா? இட்லிக்காரர் ஒருநாள் படும் பாட்டில் இரண்டரை மணி நேரப் படம் எடுக்கலாம்.

சினிமா வெறும் சினிமாதானே, விட்டுத்தள்ளு என்பீர்கள். நானும் விட்டுவிடுவேன். ஆனால் நம் வட்டத்துக்கு வருகிற ஒரு தங்கை ஜவுளிக் கடைக்கு வேலை கேட்டுப் போனாள். கடை பேர் வேண்டாம். எங்கே வீடு என்று கேட்டார்கள். தாராவி என்றாள். அங்கே தாதாக்கள் இருக்கிற இடமாச்சே என்று சிரித்தார்களாம். வேலையும் கிடைக்கவில்லை. அடுத்த கடையில் அவள் சயான் என்று சொல்லிவிட்டாள். தன் ஊர்ப் பேரை மறைக்க வேண்டி வந்ததே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்திப் படங்களும், வெளிநாட்டார் எடுத்த படமும் உண்டு. ஸ்லம்டாக் மில்லியனர் 2009ல் எட்டு ஆஸ்கார் வாங்கியது. அதில் இரண்டு நம் ஏ.ஆர். ரகுமானுக்கு. சந்தோஷம்தான். ஆனால் படத்தின் பெயரில் நாய் என்ற சொல் இருக்கிறது. குடிசையில் இருப்பவர்களை நாய் என்பதா என்று மும்பையில் ஊர்வலம் போனார்கள். போனது நியாயம் என்பது என் கட்சி.

2019ல் கல்லி பாய். ஜோயா அக்தர் எடுத்தார். அதன் நாயகன் முராத் தாராவிப் பையன். தாதா இல்லை. அவன் கையில் இருப்பது நோட்டுப் புத்தகம். மனதில் இருப்பதை எழுதுகிறான். எழுதியதைப் பாட்டாகச் சொல்கிறான். அவனோடு பழகும் பெண் டாக்டருக்குப் படிக்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் அவன் வீட்டுக்குள் வந்து, அடுக்களை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு காட்சி வரும். காசு கொடுத்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். நம் சந்தில் நடப்பதுதானே? அந்தக் காட்சியை எடுத்ததற்கே இயக்குநருக்குக் கும்பிடு போடலாம். எனக்கு ஒரே குறை. அந்தத் தாராவியில் தமிழ்க் குரல் என் காதில் விழவே இல்லை. நாம் இல்லாத தாராவியா!

இப்போது காலாவுக்கு வருகிறேன். 2018 ஜூன் மாதம் வந்தது. பா. ரஞ்சித் இயக்கினார். தனுஷ் தயாரித்தார். ரஜினிதான் காலா. இதற்கும் சென்னையில் பெரிய தாராவி செட் போட்டார்கள். காலாவும் தாதா மாதிரிதான் இருக்கிறார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடத்தல் கதை இல்லை. கதை நிலத்தைப் பற்றியது. தாராவியை இடித்துக் கட்ட ஒரு கூட்டம் வருகிறது. சுத்தம், முன்னேற்றம் என்று பேசுகிறது. நானா படேகர் ஹரி தாதாவாக வருகிறார். வெள்ளை உடை, வெள்ளை வீடு. காலா வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஏன் குடிக்கவில்லை என்று படத்தில் யாரும் விளக்கம் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நமக்குப் புரியும்.

இந்தப் படத்தில் இரண்டு இடம் எனக்குப் பெரிது.

ஒன்று, புயல் என்கிற பெண். அஞ்சலி பாட்டீல் நடித்தது. கலவரத்தில் போலீஸ்காரர்கள் அவள் கால்சட்டையை உருவிப் போடுகிறார்கள். தரையில் உடையும் கிடக்கிறது, ஒரு கம்பியும் கிடக்கிறது. அவள் உடையை எடுக்கவில்லை. கம்பியை எடுக்கிறாள். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சத்தமாக, எடு தாயீ என்றார்.

இன்னொன்று, வேலை நிறுத்தம். அடிதடியால் முடியவில்லை. அப்போது தாராவிக்காரர்கள் வேலைக்குப் போவதை நிறுத்துகிறார்கள். மும்பையே நின்றுவிடுகிறது. நாம் ஒருநாள் போகாவிட்டால் எத்தனை வீட்டில் பாத்திரம் அப்படியே கிடக்கும், எத்தனை தெருவில் குப்பை கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரஜினி அடிக்கிற அடியைவிட அதில்தான் பலம் இருக்கிறது.

பாட்டையும் சொல்ல வேண்டும். நம் தாராவிப் பையன்கள் டோப்படெலிக்ஸ் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். காலா படத்தில் அவர்கள் குரல் இருக்கிறது. செட் சென்னையில் இருந்தாலும் குரல் அசல்.

குறை இல்லையா? இருக்கிறது. செல்வி. ஈஸ்வரி ராவ் நடித்த பாத்திரம். வாய் ஓயாத, புருஷனை மிரட்டுகிற, நாலு பேருக்குச் சோறு போடுகிற பெண். நம் திண்ணையில் பார்க்கிற அத்தை போலவே இருந்தார். அவரையும் நடுவில் கொன்றுவிட்டார்கள். நாயகனில் நீலா, காலாவில் செல்வி. ஆம்பிளைக்குக் கோபம் வர வேண்டும் என்றால் வீட்டுப் பொம்பிளை சாக வேண்டுமா? முப்பது வருஷமாக இதே கதையா?

காலா வந்தபோது, இடிக்கப் போகிறார்கள் என்பது நமக்குப் பழைய பேச்சு. 2004லிருந்தே திட்டம் திட்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அது வெறும் பேச்சு இல்லை. 2022 நவம்பரில் ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2024ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. கதவில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருக்கிறோம் என்று தாள் காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது விதி. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு இடம், வேறு கணக்கு.

இங்கேதான் எல்லாப் படமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டது. காலா வீட்டில் கரண்ட் பில் எங்கே இருக்கிறது? வேலு நாயக்கர் ரேஷன் கார்டில் யார் பேர் முதலில் இருக்கிறது? சினிமாவில் புல்டோசரை ஒருவர் கையால் நிறுத்துவார். நம் வீட்டு வாசலுக்கு வருகிறவர் புல்டோசரோடு வருவதில்லை. பாரமும் பேனாவும் கொண்டு வருகிறார். தமிழ்நாட்டில் 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, முதல் புத்தகத்திலேயே பட்டா என்ற சொல்லைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா, ஆடு என்று தொடங்கவில்லை. நிலம் இல்லாதவர்களுக்கு எந்தச் சொல் முதலில் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை இதே இடத்தில் வேட்டி கட்டிக் காலா போடுகிறோம். ஆளுக்கு ஒரு தாள் தருவேன். படத்தில் வேலை செய்கிற பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். தப்பும் தவறுமாக எழுதினாலும் பரவாயில்லை. வரும்போது வீட்டில் இருக்கிற பழைய கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். இடைவேளையில் அவற்றில் இருக்கிற தேதியையும் பேரையும் சேர்ந்து படித்துப் பார்ப்போம். செல்வி என்று இருக்க வேண்டிய இடத்தில் செவ்வி என்று அச்சாகியிருந்தால், இப்போதே கண்டுபிடித்துவிடலாம்.