கூரை ஒன்று, நெருப்பும் ஒன்று
(மஸ்கெலியா தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மஸ்கெலியா குளிருக்கு மின்விசிறி எதற்கு என்று முன்பு சிரித்தோம். இன்று பங்குனி வெயிலில் தகரம் காய்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் விசிறியோடு வருகிறார்கள். நல்லதுதான். அதை யார் மாட்டுவது?

வயர் முறுக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, பழைய பல்ப் வயரிலேயே கொடுத்துவிடுகிறோம். விசிறி சுமார் 75 வாட்தான். ஆனால் அதே வயரில் ரைஸ் குக்கரும் கேத்தலும் சேர்ந்தால் வயர் சூடேறி உருகும். லயத்தில் எல்லாருக்கும் ஒரே கூரை. மின்னொழுக்கில் பற்றிய தீ ஒரு காம்பிராவோடு நிற்காது.

ஆகவே, என்.வீ.கியூ. சான்றிதழ் உள்ள மின் வேலைக்காரரையே அழைப்போம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வேலை தொடங்கட்டும். விசிறியைச் சீலிங் பலகையில் அல்ல, உறுதியான உத்திரத்தில் மாட்டட்டும். இறக்கை ஏழடிக்குக் கீழே வருமானால் மேசை விசிறியே போதும். டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுவோம்.

கூலி ஒருவருக்குப் பாரம் என்றால், லயமே சேர்ந்து ஒரே நாளில் வரவழைப்போம். பழுதான மெயின் வயரை மாற்றித் தரும்படி நிர்வாகத்திடம் தோட்டத் தலைவர் மூலம் எழுத்தில் கேட்போம். எரிந்த பிறகு நிவாரணம் கேட்பதைவிட, எரியுமுன் உரிமை கேட்பதே மேல்.